வெறுங்கைப் பியூகிள்

நீக்கிலாஸைப் பற்றிக் கேட்டால் எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒருவர் பொய்யர் என்பார். இன்னொருவர் அப்பாவி என்பார். நான் அவருக்குப் பின்னால் நின்று சைட் டிரம் அடித்தவன். எனக்கே அவர் விஷயம் இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதுபோல எழுதுகிற கெட்டித்தனமும் என்னிடம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆள் இருப்பது பாரிசுக்குப் பக்கத்தில், எபினேயில், நாலாம் மாடியில். சென் தெனியில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் பொறுப்பாளர். சத்தமாகக் கதைத்து நான் கண்டதில்லை. மெற்றோவில் யாராவது இவருடைய காலை மிதித்தால் இவர்தான் 'பார்தோன்' என்று மன்னிப்புக் கேட்பார். வீட்டில் கதைக்க வேண்டியதெல்லாம் மன்னாரிலிருந்து வந்த மனைவி பேர்ளி கதைத்து முடித்துவிடுவார். மகள் டிலானி பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்து மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் நாலு பேருக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். இவ்வளவுதான் நீக்கிலாஸ் என்று நானும் நினைத்திருந்தேன்.

லா சப்பலில் இரண்டு யாழ்ப்பாணத்தார் சந்தித்தால் மூன்றாவது கேள்வி எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான். பள்ளிக்கூடத்துக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு இராப்போசனம், அதில் ஒரு சண்டை. போன வருடம் இந்தச் சங்கங்கள் எல்லாம் கூடிப் புதிதாக ஒன்று அறிவித்தன. பழைய மாணவர்களின் பாண்ட் வாத்தியப் போட்டி. ஊரில் விளையாட்டுப் போட்டி நாளில் வெள்ளை உடுப்போடு டிரம் அடித்து, பியூகிள் என்ற பித்தளை ஊதுகுழலை ஊதி, அணிவகுத்துப் போனோமே, அதேதான். அரைக்காற்சட்டை வயதில் விட்டதை, சீனி வருத்தமும் முழங்கால் நோவும் வந்த பிறகு மறுபடி தொடங்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது. ஆனால் தோன்றியதும் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் முதல் கூட்டம். தலைவர் கரிகாலன், எண்பதுகளின் தொடக்கத்தில் கோல் பிடித்து பாண்டை நடத்தியவர். நகைக்கடை வைத்திருப்பதால் சங்கத்தையும் கடை மாதிரியே நடத்துவார். ஒவ்வொருவராக எழும்பி, தான் எந்த வருடம், என்ன வாத்தியம் என்று சொல்ல வேண்டும். நீக்கிலாஸின் முறை வந்தது.

"தொண்ணூற்றாறிலையிருந்து தொண்ணூற்றெட்டு வரைக்கும். பியூகிள் லீடர்."

எல்லோரும் கை தட்டினோம். இந்த வாயில்லாப் பூச்சியா லீடர் என்று எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பியூகிள் லீடர் சாதாரண ஆள் இல்லை. அணி புறப்படுமுன் தனியாக நின்று அழைப்பு ஊதுபவர் அவர்தான். அவர் ஊதாமல் யாரும் காலை எடுத்து வைக்க முடியாது.

வாத்தியங்கள் வந்தன. பியூகிளை இங்கே கிளரோன் என்பார்கள். வடக்கில் ஒரு கிராமத்தில் கலைந்துபோன ஊதுகுழுவின் கிளரோன்களை, ஜெனவியேவ் என்ற வயதான மனுசி தன் கார்க் கொட்டகைக்குள் வைத்திருந்தார். விற்றுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எபினேயில், செய்ன் ஆற்றோரமாக இருந்த கார்த் தரிப்பிடத்தில் முதல் பயிற்சி.

நீக்கிலாஸ் முன்னுக்கு வந்து நின்றார். நெஞ்சு நிமிர்ந்தது. கிளரோன் ஒரே வீச்சில் உதட்டுக்குப் போனது. முழங்கை நின்ற நிலையைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு ஊதினார். சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டாம் தரம் ஊதினார். அதுவும் வரவில்லை.

"என்ன நீக்கிலாஸ், கனகாலம் ஊதேல்லைப் போல?" என்று கரிகாலன் சிரித்தார்.

"கனகாலம் எண்டில்லை அண்ணை. இண்டைக்குத்தான் முதல்."

"என்ன முதல்?"

"பியூகிளைக் கையிலை பிடிக்கிறது."

சிரித்துக்கொண்டிருந்தவர்களின் வாய் அப்படியே நின்றது. அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்களைவிட அவர்தான் அதிகம் குழம்பிப்போயிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதோ? தொண்ணூற்றைஞ்சிலை சண்டையாலை இடம்பெயர்ந்து போட்டுத் திரும்பி வரேக்கை பாண்ட் அறையிலை ஒண்டும் இல்லை. சுவரிலை ஆணி மட்டும்தான். ஆனா விளையாட்டுப் போட்டி வைக்கத்தானே வேணும்? பாண்ட் இல்லாமல் எப்பிடி வைக்கிறது? அதாலை நாங்கள் வாயாலை வாசிச்சனாங்கள்."

நின்ற இடத்திலேயே செய்தும் காட்டினார். ஒரு கையை முட்டியாக்கி உதட்டில் வைத்து, மற்றக் கையை அதற்கு முன்னால் நீட்டி, பாம் பபாம் என்று. டிரம்காரர் தொடையில் அடித்தார்களாம். அலெக்சிஸ் என்றொரு தடித்த பெடியன் பேஸ் டிரம். தன் நெஞ்சிலேயே குத்துவானாம். மூன்று வருடம் இப்படி மைதானத்தைச் சுற்றியிருக்கிறார்கள். யாருடைய வாய் சத்தமோ அவரை லீடர் ஆக்கினார்களாம். அது நீக்கிலாஸ்.

நாங்கள் எண்பதுகளில் நாட்டை விட்டு வந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்தது மினுக்கி வைத்த பித்தளை. எங்கள் குழுவில் இளையவனான தனூஜன் படிக்கும்போது, வெளிநாட்டுச் சங்கங்கள் புது வாத்தியங்கள் அனுப்பியிருந்தன. நடுவில் வந்த வகுப்புகளிலிருந்து பாரிசில் நீக்கிலாஸ் ஒருவர்தான். மற்றவர்களைப் பற்றி அவர் கதைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

அன்றைக்கே பெர்தொனே கடையில் வழக்கு. பிளேன் ரீ ஆறிப்போனது, வடை தீர்ந்துபோனது, வழக்கு மட்டும் தீரவில்லை.

"பியூகிள் தொடாதவர் எப்பிடிப் பியூகிள் லீடர் ஆகிறது? இது பொய்தானே?" என்றார் கரிகாலன்.

"லீடர் எண்டுதானே அண்ணை சொன்னனான். ஊதினனான் எண்டு சொல்லேல்லையே. ஒருதரும் கேக்கவும் இல்லை."

"கேக்கோணுமோ உதை?"

நியாயம் கரிகாலன் பக்கம் என்று நினைத்தேன். நீக்கிலாஸின் முகத்தைப் பார்த்ததும் நியாயம் அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு மண்டை காய்ந்தது. முடிவில் அழைப்பு ஊதும் வேலையைத் தனூஜனுக்குக் கொடுத்தார்கள். நீக்கிலாஸ் போட்டிக்கு முன் ஊதப் பழகினால் பியூகிள் வரிசையில் நிற்கலாம், இல்லாவிட்டால் கொடி பிடிக்க வேண்டும். சரி என்று தலையாட்டினார். ஆனால் கிளரோனைப் பத்திரமாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போனார்.

வீட்டுக் கட்டடத்தின் நிலவறையில் பழகினார். யாரோ நாயைக் கட்டி வைத்து அடிக்கிறார்கள் என்று அயலவர்கள் முறையிட்டார்களாம். பேர்ளி என்னைத் தொலைபேசியில் பிடித்துத் திட்டினார்.

"அண்ணை, இந்த மனுசன் சாப்பிடேக்கையும் உதட்டைக் குவிச்சுக்கொண்டிருக்குது. நீங்களாவது சொல்லக்கூடாதோ?"

நான் என்னத்தைச் சொல்ல? ஊதி ஊதிச் சொண்டு வீங்கிய நீக்கிலாஸைப் பகிடி பண்ணாத ஆளில்லை, என்னையும் சேர்த்து. ஆனால் மனுசன் விடவில்லை. இளவேனில் வந்தபோது கிளரோனில் சத்தமும் வந்தது. நல்ல சத்தம். அப்போதுதான் பெரிய குழப்பமே தொடங்கியது.

"உது பழுது," என்று கிளரோனை என்னிடம் நீட்டினார். "எங்கடை மார்ச்சிலை பாதிச் சத்தம் உதுக்குள்ளை இல்லை."

தனூஜன் வாங்கி ஊதிப் பார்த்தான். நல்லாகத்தான் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து அணிநடை மெட்டான மார்ச்சை முழுதாக வாசித்தான். நானும் கூட அடித்தேன். நாற்பது வருடத்துக்கு முன் அடித்த அதே மார்ச்.

"இது எங்கடை மார்ச் இல்லை," என்றார் நீக்கிலாஸ்.

"அப்ப உங்கடையைப் பாடுங்கோ பாப்பம்," என்றான் தனூஜன்.

அவர் கைமுட்டியை உதட்டில் வைத்துப் பாடினார். தொடக்கம் எங்களுடையதுதான். பிறகு அது எங்கேயோ ஏறி, குழைந்து, வேகம் பிடித்து, முடியப்போகிறது என்று நினைக்கும்போது இன்னொரு திருப்பம் திரும்பியது. தனூஜன் கிளரோனைத் திருப்பிக் காட்டினான்.

"அண்ணை, இதைப் பியூகிளிலை வாசிக்கேலாது. இதிலை துளையுமில்லை, கட்டையுமில்லை. சொண்டு குடுக்கிற அஞ்சாறு சத்தம்தான் இருக்கு. நீங்கள் பாடினது ஒரு பியூகிளிலையும் வராது."

வாய்க்கு என்ன தடை? பெடியன்கள் பாடப் பாட அது தன் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய் இருந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கும். அதுதான் இருக்கவில்லையே.

"அப்ப நாங்கள் மூண்டு வருசமா என்னத்தையடா வாசிச்சனாங்கள்?" என்று நீக்கிலாஸ் கேட்டார். அவர் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

திரும்பும் வழியில், ரயில் நிலையத்தில் நின்றபோது, என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நான் பாண்டிலை இருந்தனானோ, இல்லையோ?"

பியூகிள் இல்லை. மார்ச்சும் எங்கள் மார்ச் இல்லை. இருந்தார் என்று எதை வைத்துச் சொல்வது? இல்லை என்று எந்த வாயால் சொல்வது? "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். கடன் கேட்டவருக்குச் சொல்கிற பதில் அது. ரயில் வந்ததும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஏறிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

எங்கள் மார்ச்சை அவர் சத்தம் சத்தமாகப் பொறுக்கிப் பழகினார். போட்டி வந்தபோது பியூகிள் வரிசையில் அவருக்கு இடம் உறுதி. கரிகாலனே முதுகில் தட்டிக் கொடுத்தார். நீக்கிலாஸுக்குச் சந்தோசமா என்று பார்த்தேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

ஆனி மாத வெயில். சென் தெனிப் பக்கத்து மைதானம். வெள்ளை உடுப்புக்குள் வயிறுகளைத் திணித்து, இடுப்புப் பட்டியை இறுக்கி, நாலு பள்ளிக்கூடத்து ஆம்பிளைகளும் மூச்சுவிடப் பயந்து நின்றோம். எங்கள் முறைக்காக மேடைக்குப் பின்னால் காத்திருந்தபோது, நீக்கிலாஸ் கைப்பேசியில் அலெக்சிஸைக் கூப்பிட்டார். நெஞ்சில் குத்துகிற அதே பேஸ் டிரம் அலெக்சிஸ். இப்போது மன்னாரில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை.

"மச்சான், உண்மையான பியூகிள் வைச்சிருக்கிறன். கேள்," என்று சொல்லி, எங்கள் மார்ச்சைப் பிழையில்லாமல் வாசித்தார். நன்றாகவே வாசித்தார்.

"வடிவாத்தான் இருக்கு," என்றது கைப்பேசி. "ஆனா உது ஆரின்ரையோ மார்ச். எங்கடையை வாசியடா."

நீக்கிலாஸ் கிளரோனைப் பார்த்தார். பிறகு நேராகக் கரிகாலனிடம் போய் அதை நீட்டினார்.

"அண்ணை, நான் கொடியைப் பிடிக்கிறன்."

"என்ன பகிடியே? இப்ப எங்களைக் கூப்பிடப் போறாங்கள்!"

"எனக்கு உங்கடை மார்ச் தெரியும் அண்ணை. ஆனா அது என்ரை இல்லை."

கரிகாலன் கிளரோனைப் பறித்து ஓரமாக வைத்தார். ஒலிபெருக்கியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் சொன்னார்கள். நீக்கிலாஸ் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கொடியைத் தூக்கினார். தனூஜன் அழைப்பு ஊதினான். புறப்பட்டோம்.

கொடிக்கு நேர் பின்னால் நான், எனக்குப் பக்கத்தில் மற்ற டிரம்காரர். அவர்கள் என் கையைப் பார்த்து அடிப்பவர்கள். பாதி மைதானம் வரை எல்லாம் ஒழுங்குதான். அப்போதுதான் எனக்கு முன்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நீக்கிலாஸ் பாடிக்கொண்டிருந்தார். முதலில் மெதுவாக. பிறகு, மூன்று வருடம் ஒரு மைதானத்தையே நிறைத்த அந்த வாயால், முழுதாக.

ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் கை அவரோடு போய்விட்டது. மற்ற டிரம்கள் என்னோடு வந்துவிட்டன. பியூகிள்காரர் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறி, ஒவ்வொருவராக ஊதுவதை நிறுத்தினார்கள். கரிகாலனின் கோல் அந்தரத்தில் நின்றது. நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மைதானத்தில் டிரம்களும் ஒரு மனுசனின் வாயும் மட்டும் கேட்டன. அது ஏறியது, குழைந்தது, வேகம் பிடித்தது, அந்தக் கடைசித் திருப்பத்தையும் திரும்பி முடிந்தது.

நாலு பள்ளிக்கூடத்தில் நாங்கள் நாலாவது. கரிகாலன் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் நீக்கிலாஸின் நெஞ்சுப் பக்கமிருந்து யாரோ கத்துவது கேட்டது. கைப்பேசியை வெளியே எடுத்தார். அவசரத்தில் அழைப்பைத் துண்டிக்க மறந்திருக்கிறார். மன்னாரில் அலெக்சிஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"டேய் நீக்கிலாஸ்! கேக்குதே? கடைசித் திருப்பத்திலை பிந்திப் போட்டாய். நீ எப்பவும் அதிலை பிந்திறனிதானே. எத்தினை தரமடா உனக்குச் சொல்லுறது?"

நீக்கிலாஸ் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். "கேட்டனீங்களோ அண்ணை," என்று என்னிடம் சொன்னார். "பேசுறான். பிந்திப் போட்டன் எண்டு என்னைப் பேசுறான்."