டம்ளரைக் கீழே வைக்கும் வரை

அம்மிக்கல்லின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டும் அக்காவின் கை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவருடைய அண்ணன் மனைவி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் இருந்த அந்த வீட்டுக்கு நான் சின்ன மருமகளாக வந்து சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம். காவிரியில் தண்ணீர் இல்லை, மணல்தான் கிடந்தது. ஓடு காய்ந்து, சுவர் காய்ந்து, குடத்துத் தண்ணீர்கூட வெந்நீராக இருந்தது. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஈரத்துண்டை மேலே போட்டுக்கொண்டு கிடப்பார்கள். மூன்று மணியானால் அக்கா மட்டும் எழுந்துவிட வேண்டும். மாமியாருக்கு எலுமிச்சை ஏடு போட வேண்டும்.

அந்தப் பெயர் நாங்களாக வைத்தது. முந்தின நாளே பாலைச் சுண்டக் காய்ச்சி மண்சட்டியில் உறை ஊற்றி வைப்பாள். மறுநாள் தயிரின்மேல் படிந்திருக்கும் ஏட்டை மட்டும் வழித்தெடுத்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு மத்தால் கடைய வேண்டும். கொஞ்சம் அதிகமாகக் கடைந்தால் போச்சு, அந்தச் சூட்டுக்கு வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். குறைத்துக் கடைந்தால் கட்டி கட்டியாகத் தொண்டையில் நிற்கும். நுரைத்து வழவழவென்று வருகிற நேரம் பார்த்து மத்தை எடுத்துவிட்டு, மண்பானைத் தண்ணீரை விட்டு, கடைசியாகத்தான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தோலை நசுக்கிப் பிழிந்தால் கசக்கும். பிழிந்து வைத்துவிட்டுச் சும்மா நின்றாலும் கசக்கும். ஒரு நார்த்தை இலையைக் கசக்கிப் போட்டு உடனே கொண்டுபோக வேண்டும். சொல்ல ரொம்பச் சுலபம்தான். அந்த வெக்கையில் அடுக்களையில் தினம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. குடிக்கிறவர் டம்ளரைக் கீழே வைக்கும் வரை கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. அத்தை பிறந்தது தொட்டியம் பக்கம். அவர் பிறந்த வீட்டு வழக்கமாம், எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. அத்தை அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொள்வார். டம்ளரை மடியில் வைத்துக்கொள்வார். அவர் அப்பாவின் வாழைத்தோப்பில் வெள்ளம் புகுந்த கதை வரும். இன்னொரு வாய். மாமனார் இறந்தபோது துக்கத்துக்கு வராதவர்கள் யார் யார் என்பது வரும். அக்கா உம் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கானால் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஒரு டம்ளர் குடிக்க ஒரு மணி நேரமா! வெயிலுக்கென்று ஆரம்பித்தது ஐப்பசி மழையிலும் நிற்கவில்லை.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். திருச்சியில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. ஊரார் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருகிற ஒரு வாழ்க்கைக்கு ஏங்கினாள். பொன்மலையில் ரயில்வே வேலையிலிருந்த அவள் கணவர், அம்மா சரி என்றால் சரி என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மா சரி என்று சொன்னால்தானே? கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான், அவள் போய்விட்டால் மூன்று மணிக்கு எனக்கு யார் போட்டுக் கொடுப்பது, அந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கு வரும் என்று. ஒருமுறை நான் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாயோடு ஓரமாக வைத்துவிட்டார். வெண்ணெய் திரண்டிருந்தது என்பது வாஸ்தவம்தான்.

நான் வந்த மறுவருஷத்தை விட்டால் அக்காவுக்கு வயது தாண்டிவிடும், அப்புறம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். யோசனை சொன்னது நான்தான். சித்திரை பிறந்ததிலிருந்து நான் போடுவது, அக்கா எடுத்துப்போய்க் கொடுப்பது, அத்தை வாயாலேயே நன்றாயிருக்கிறது என்று சொல்ல வைத்துவிட்டு அப்புறம் உண்மையை உடைப்பது. அக்கா பக்கத்தில் நின்று, போதும் எடு, இன்னும் கொஞ்சம் என்று காதோடு சொல்லித் தருவாள். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். சில நாளிலேயே கை பழகிவிட்டது. அத்தை ஒவ்வொரு வாய்க்கும் அக்காவைப் புகழ்வார். நான் அடுக்களையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன். ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன்.

வைகாசி முடியப் போகிற நேரத்தில் அக்கா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள். நான் அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்தேன்.

"அத்தை, இத்தனை நாளா இதைப் போட்டது சின்னவதான். நான் எடுத்துட்டுத்தான் வந்தேன். இனிமே நான் போகலாமில்ல?"

அத்தை முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மொத நாளே தெரியும். நீ எதிர்ல வந்து உக்காந்தியே, அதுக்குத்தான் குடிச்சேன். இந்த வீட்டுல என்கூட உக்காந்து பேச வேற யாரு இருக்கா?"

அத்தை டம்ளரைக் கீழே வைத்ததும் அக்கா எழுந்து அடுக்களைக்கு வந்தாள். டிரெயினிங்குக்குப் போகவில்லை என்று என்னிடம் சொன்னாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பிடிவாதத்தோடு சண்டை போடலாம். இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதோடு யார் சண்டை போடுவது? தன் தனிமையைக் காட்டி அடுத்தவள் காலைக் கட்டுவது என்ன நியாயம் என்று வெடித்தேன். அக்கா சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாளும் மூன்று மணி வந்தது. நான் கடைந்தேன், அக்கா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அத்தை அண்ணாந்தார். ஊற்றிக்கொண்டே இருந்தார். நடுவில் மடிக்குக் கொண்டுவரவே இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மூச்சு வாங்க, டம்ளரைத் தரையில் வைத்தார்.

"வெச்சுட்டேன். நீ எந்திரி. போய்ச் சேந்துக்க."

அக்கா சேர்ந்தாள். படித்து முடித்து உறையூரில் ஒரு பள்ளியில் டீச்சரானாள். இறக்கும்வரை அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, டீச்சர் என்றுதான். அவள் பஸ் ஏறிய முதல் நாள் மூன்று மணிக்கு நான் எலுமிச்சை ஏடு கொண்டுபோனேன். எனக்கு மோர் போதும் என்றார் அத்தை. பிறகு அதைக் கேட்கவே இல்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவ்வளவு நாள் கடைந்தவள் நானல்லவா? நான் மட்டும் ஒரு பொருட்டில்லையா என்று அவர் பக்கமே போகாமல் இருந்தேன். என்ன மனுஷி என்று பல வருஷம் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எடமலைப்பட்டி புதூரில் மகன் வீட்டில் இருக்கிறேன்; அவன் வேலையாகப் பாதி நாள் வெளியூரில்தான். எலுமிச்சை ஏட்டை மருமகள் மிக்ஸியில் இரண்டு நிமிஷத்தில் அடித்துத் தருகிறாள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. போன மாதம் அவளுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா, நீங்க தனியா இருப்பீங்களே அத்தை என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, போயிட்டு வா என்றேன். இரண்டு சொல்தான். அதைச் சொல்ல ஒரு கிழவிக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது என்று அன்று நிலைப்படியில் நின்றவளுக்குத் தெரியாது.