வயர்லெஸ்காரியை வரைந்தவள்

அவளுக்கு வெடியக்கா என்று பெயர் வைத்தவர்கள் அச்சுக்கூடத்துக்காரர்கள். படக்கதை வரைய ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, இடம் போதவில்லை என்று யாரோ அவள் வரைந்த மழையை விளிம்போடு வெட்டி எறிந்துவிட்டார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோதே பாதிப் பேர் இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். "மழையே இல்லாத தெருவுல அவன் எதுக்குய்யா குடை பிடிச்சிட்டு நிக்கிறான்? உங்களுக்குப் பயந்தா?" என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கோட்டில் ஒருவரும் கத்தரி வைத்ததில்லை.

அந்த வேலை அவளுக்கு வாய்த்ததே தற்செயல்தான். ஒரு தினப் பத்திரிகையில், மங்கிய புகைப்படங்களுக்குக் கண்ணும் மூக்கும் தீட்டிக் கொடுக்கும் பிரிவில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். உளவுக்கதை எழுதிப் பெரிய பேர் வாங்கிய ஓர் எழுத்தாளரின் நாவல்களைப் பத்திரிகை தினம் நான்கு கட்டமாகப் படக்கதை போட்டுக்கொண்டிருந்தது. வரைந்துகொண்டிருந்தவர் திடீரென்று சினிமா விளம்பர வேலைக்குப் போய்விட்டார். போனவர், உளவாளியை ஒரு விடுதியின் மேல்மாடி ஜன்னலில் ஒற்றைக் கையால் தொங்கவிட்டுவிட்டுப் போனார். பத்திரிகை ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் எழுந்து போய், துணிக்கொடி, கடை விரிப்பு, காய்கறி வண்டி என்று நாலே கட்டத்தில் அவனைத் தரையிறக்கினாள். அன்றிலிருந்து அந்த உளவாளி அவள் பொறுப்பு.

எழுத்தாளர் ஒரு விடுதியின் முகப்பை இரண்டு பக்கம் எழுதுவார். அவள் ஒரு தூணும் அதன் நிழலும் போட்டு முடித்துவிடுவாள். அவருடைய ஆட்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள். அவளுடைய பேச்சு பலூனில் ஏழெட்டு வார்த்தைக்கு மேல் கொள்ளாது. கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு பாதி திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குப் பத்திரிகை வாங்க மாட்டார்கள். இதெல்லாம் அவளுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது.

கைவராதது ஒன்றுதான். அந்த நாவல்களில் வரும் பெண்களை எழுத்தாளர் கால் விரலிலிருந்து தொடங்கி அரைப் பக்கம் வர்ணிப்பார். அப்புறம் அரை வரியில் கொன்றுவிடுவார். ஒருத்தி மாடியிலிருந்து தள்ளப்படுவாள், ஒருத்திக்குக் காப்பியில் விஷம். அதைப் பார்த்து உளவாளிக்குக் கோபம் வரும், வில்லனைத் துரத்துவான். அவனுக்குக் கோபம் வரவழைப்பதற்காகவே அவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கூடக் கடைசி அத்தியாயத்தைப் பார்த்ததில்லை. வெடியக்காவும் வாயை மூடிக்கொண்டு வரிசையாக வரைந்து தள்ளினாள். வீட்டில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

அப்படியிருக்கும்போது வயர்லெஸ்காரி வந்தாள். புத்தகத்தில் அவளுக்கு இரண்டு அத்தியாயம். எதிரி நகரத்தில் ஒளிந்திருந்து வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்புவாள், அழகாக இருப்பாள், குளியல் தொட்டியில் பிணமாகக் கிடப்பாள். வெடியக்கா அந்த அழகைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு, அவளுக்குக் கனத்த மூக்குக்கண்ணாடியும் பென்சிலைக் கடிக்கிற பழக்கமும் கொடுத்தாள். கொஞ்சம் முன்கோபமும் சேர்ந்துகொண்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. உளவாளி அசடு வழிந்தால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். வாசகர்கள் உளவாளியை விட்டுவிட்டு அவளை விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

தொட்டி அத்தியாயம் வந்தது. வெடியக்கா தொட்டியை வரைந்தாள், தண்ணீரையும் வரைந்தாள். ஆளை வரையவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே இரும்புப் படியில் இறங்கி ஓடும் இரண்டு கால்களைப் போட்டாள். உளவாளியை வாசலில் திருதிருவென்று விழிக்கவிட்டாள்.

அவளுடைய கணவர் அதே பத்திரிகையில் பிழைதிருத்துபவர். அடிதடி என்றால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிற மனிதர். பக்கம் அவர் மேஜைக்கு வந்தபோது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் எழுந்து வந்தார்.

"இது புத்தகத்துல இல்லையே."

"புத்தகத்துல தப்பு இருந்தா நீங்க திருத்துவீங்கல்ல?"

"எழுத்துப்பிழைன்னா திருத்துவேன்."

"இது அதைவிடப் பெரிய பிழை. கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு, "எனக்கு வேலை போச்சுன்னா சமையல் என்னுது, சம்பளம் உன்னுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எழுத்தாளர் ஆசிரியர் அறைக்கு நேரில் வந்துவிட்டார். அவளைக் கூப்பிட்டார்கள்.

"நான் கொன்னவ எப்படிம்மா ஓடுவா?" என்றார் அவர்.

"கால் நான் வரைஞ்சது. ஓடுச்சு."

"மரியாதையாப் பேசு. கதை என்னுது."

"உங்க கதையில அவளுக்கு ஒரு முகம் கூட இல்லீங்க. தேடிப் பாருங்க, இடுப்புதான் இருக்கு."

ஆசிரியர் இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்துச் சமாளித்தார். படக்கதைக்காகவே பத்திரிகை அதிகம் விற்றுக்கொண்டிருந்ததால், எழுத்தாளரும் கடைசியில் உறுமிக்கொண்டே போனார். வயர்லெஸ்காரி பிழைத்தாள். தங்கள் ஆட்களுக்குள் துரோகி யார் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். உளவாளி அவளுக்குப் பெட்டி தூக்கினான்.

அடுத்த வருஷம் எழுத்தாளரின் புது நாவல் வெளியானது. ஆசிரியர் பூரித்த முகத்தோடு புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். "பாருங்கம்மா, உங்க ஆள் வந்திருக்கா. அவரு உங்களை மதிச்சிருக்காரு."

உண்மைதான். அட்டையிலேயே வயர்லெஸ்காரி இருந்தாள். அதே கண்ணாடி, அதே பென்சில், கண்ணாடிக்கு மேலாக அதே பார்வை. வெடியக்கா புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் எழுத்தாளர் வயர்லெஸ்காரியைத் தொட்டியில் அமுக்கிக் கொன்றிருந்தார். இந்த முறை அரை வரி இல்லை, நிதானமாக இரண்டு பக்கம். கண்ணாடி உடைகிற சத்தம் கூட எழுதியிருந்தது.

கணவர் வந்து பார்த்தபோது புத்தகம் அழுக்குத்துணி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

எழுத்தாளர் வீட்டில் விசிறிக்கு அடியில் சாய்ந்திருந்தார். அவளை எதிர்பார்த்தவர் மாதிரி எழுந்து உட்கார்ந்தார்.

"அவ கண்ணாடி யாரோடது?" என்று கேட்டாள் அவள்.

"கண்ணாடி கடையில விக்குதும்மா. யாரு வேணா வாங்கலாம்."

"அந்தப் பென்சில்?"

"அதுவும் கடையில விக்குது." அவர் சிரித்தார். "இங்க பாரு, நான் சொல்றேன், நீ வரையற. கை யோசிக்க ஆரம்பிச்சா உடம்பு தாங்காது."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. மேஜையில் இருந்த பேனாத் தாங்கியை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை என்பதை நினைத்துப் பல வருஷம் வருத்தப்பட்டாள். "அவளைக் கொல்றதுக்காகவே கூட்டிட்டு வந்திருக்கீங்க," என்றாள். "அவளை இல்ல. என்னைய." அவர் மறுபடி சாய்ந்துகொண்டார்.

அந்தக் கதையை வரைய மாட்டேன் என்று ஆசிரியரிடம் சொன்னாள். கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் விளம்பரப் பிரிவில் சோப்பு டப்பா வரைகிறவரிடம் கொடுத்தார். அவரும் சொன்னதைச் சொன்னபடி செய்தார். தொட்டிக் கட்டம் வெளியான காலையில் அவள் பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஆளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் படக்கதையைப் படித்தார், "ச்சொ" என்றார், பக்கத்தைத் திருப்பி விளையாட்டுச் செய்திக்குப் போய்விட்டார். ஊர் கொதிக்கும் என்று எங்கோ மனதுக்குள் நம்பியிருந்தாள் போல. எழுத்தாளர் மேல் வந்த கோபத்தைவிட அந்த ஆள் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

அந்த மாதமே வேலையை விட்டாள். ஒரு சின்ன மாலைப் பத்திரிகை இடம் கொடுத்தது. அங்கே சொந்தக் கதையோடு உளவுப் படக்கதை வரைந்தாள். அதில் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கிற நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, போகக்கூடாத இடத்திலெல்லாம் போய் மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே தப்பித்து வருவாள். எழுத்தாளர் வக்கீலை விட்டு மிரட்டிப் பார்த்தார். "நடுத்தர வயசு கடையில விக்குது" என்று பதில் அனுப்பினாள். அந்தப் பத்திரிகை இழுத்து மூடப்படும் வரை அவள் நிறுத்தவில்லை.

எழுத்தாளர் இறந்தபோது அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இரங்கல் கூட்டத்துக்குக் கணவரோடு போனாள். மண்டபச் சுவர் நெடுகப் பழைய படக்கதைக் கட்டங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். தூணும் நிழலும், குடையும் மழையும், படியில் ஓடும் இரண்டு கால்கள் கூட இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் எழுத்தாளர் பெயர். வேறு பெயர் எதுவும் இல்லை.

அவள் கைப்பையிலிருந்து தடித்த பேனாவை எடுத்து முதல் படத்தின் மூலையில் தன் பெயரை எழுதினாள். பிறகு இரண்டாவதில். கூட்டம் நடத்துகிறவர் ஓடி வந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க? இன்னைக்கு அவருக்கு அஞ்சலிம்மா."

"நடத்துங்க. நான் சத்தம் போடலையே."

"கிறுக்குறீங்களே."

"கிறுக்கினதே நான்தான்யா. மூலையில ஒரு பேரு விட்டுப்போச்சு."

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த படம் உயரத்தில் இருந்தது. எக்கியும் கை எட்டவில்லை. வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி நின்றிருந்த கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். காலியாக இருந்த நாற்காலி ஒன்றைத் தரையில் கரகரவென்று இழுத்துவந்து போட்டு, அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறு," என்றார். "எழுத்துப்பிழை இல்லாம எழுது."