நேரம் குறிக்கும் அம்மா

ஊரப்பாக்கத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறியபோது அந்த அம்மா எதிரே இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை. வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சின்ன நோட்டில் நேரம் குறித்தார்.

என் மடியில் குழந்தை, கையில் ஃபோன். அதில் வெளிநாட்டில் படிக்கும் என் கணவரின் சம்பளச் சீட்டு. மாணவர் விசாவில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் அவர் வேலை செய்யலாம். இரண்டு வாரங்களில் பன்னிரண்டு, பன்னிரண்டாகச் செய்த வேலையை ஒரே வாரத்தில் இருபத்து நான்கு என்று போட்டிருந்தார்கள். சம்பளம் சரியாக வந்ததால் விட்டுவிடலாம் என்றார் அவர். விசா போய்விடுமோ என்று எனக்குப் பயம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டேன்.

"நான் டைம் ஆபீஸ்லதாம்மா கீறேன், ஆளுங்க வர்ற போற நேரம் எழுதுற எடம். துட்டு சரியா வந்துச்சுன்னு வுட்டா, நாளைக்கு எவனாவது கேட்டா இன்னா சொல்லுவாரு? எந்த நாள் எத்தினி மணி நேரம்னு இன்னிக்கே கம்பெனிக்கு எழுதி அனுப்பச் சொல்லு. திருத்தின சீட்டு கைக்கு வரணும்."

"நீங்க எதுக்கும்மா ரயில் நேரத்தையெல்லாம் எழுதுறீங்க?"

"ஏன் லேட்டுன்னு கேட்டா காட்டணும்ல."

"கேட்டிருக்காங்களா?"

"இதுவரிக்கும் ஒருத்தனும் கேக்கல."

மறைமலை நகரில் இறங்கிவிட்டார்.

நான்காம் நாள் திருத்திய சீட்டு வந்தது. அதைச் சொல்ல அதே பெட்டியில் பலமுறை தேடினேன். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. நான் ஏறிய ரயில் ஊரப்பாக்கத்தை விட்ட நேரம் அவர் நோட்டில் இருக்கும். எனக்குத்தான் அது நினைவில்லை.