விழுப்புரத்துக்குப் போகாத நாள்

அம்மாவை நான் முழுமனதாக வெறுத்தது என் வாழ்க்கையில் மூன்றே நாட்கள்தான். அந்த மூன்று நாளும் சோறு வேண்டாம் என்று அழிச்சாட்டியம் பண்ணினேன்.

காணைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அப்பா, பள்ளிக்கூடம் போக வேண்டாம், விழுப்புரம் போகலாம் என்றார். ஓட்டலில் பூரி, சிவப்பு ரிப்பன் எல்லாம் உண்டு. பதிலுக்கு நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும்.

அத்தை, அப்பாவின் தங்கை. வயது இருபத்திரண்டு, புத்தி என் வயதோடு நின்றுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஒரு பருப்பிலும் தோல் கீறியிருக்காது. ஆனால் பஸ் என்றால் நடுக்கம். என் கை இருந்தால்தான் ஏறுவாள்.

எங்கள் வீட்டில் மாதவிலக்காகித் தூரமான பெண்கள் மூன்று நாள் மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார வேண்டும். அத்தை உட்கார மாட்டாள். கறைபட்ட பாவாடையோடு அடுப்பங்கரைக்கு வந்து நிற்பாள். அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தபோது, சாமி கும்பிடும் வரிசையிலேயே அப்படி ஆகிவிட்டது. அப்பா தலையைக் குனிந்தபடி எங்களைத் திருப்பி அழைத்து வந்தார். அடுத்த வாரமே இந்த விழுப்புரம் பயணம். அத்தைக்கு வயிற்றுவலி ஆபரேஷன் என்றார். அவளுக்கு வயிறு வலித்து நான் பார்த்ததே இல்லை. பூரி நினைப்பில் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா களை எடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினோம். கூழ் எடுக்க வீட்டுக்கு வந்தவள் பூட்டைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு, களைக்கொத்தைக்கூடக் கீழே போடாமல் ஓடி வந்தாள்.

"எங்க இட்டுக்கினு போறீங்க?"

"பேஜாரு பண்ணாத. டாக்டராண்ட பேசிட்டேன். கர்ப்பப்பைய எடுத்துட்டா மாசாமாசம் இந்தத் தொல்ல இல்ல. நாளைக்கு எவனாவது இத ஏமாத்திட்டான்னா?"

"எடுத்துட்டா ஏமாத்த மாட்டானா? வெளிய தெரியாமப் பூடும், அவ்ளோதான்."

அம்மா அத்தையின் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"வயித்த அறுத்து உள்ள இருக்கறத எடுக்கப் போறாங்களாம். எடுக்கட்டுமா?"

அத்தை என் கையை உதறிவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"என்னுது," என்றாள்.

"ஊசி போட்டாக்கூட வேணாம்னுதான் சொல்லும். அதுக்கு என்னாடி தெரியும்?" என்றார் அப்பா.

"யாருதுன்னு தெரிஞ்சிக்கினு இருக்குதுல்ல? நான் கத்துத் தர்றேன். வீட்டுக்கு வாங்க."

பஸ் வந்தது, நின்றது, போனது. நான் தரையில் புரண்டு அழுதேன்.

அம்மா தன் பழைய புடவையைச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள். மடிப்பது, கட்டுவது, அலசுவது என்று மாதாமாதம் முதலிலிருந்து காட்டினாள். முதல் முறை அத்தை அலசிய துணியைப் பெருமையோடு தெருவேலியில் காயப்போட்டாள். அப்பா இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை. அம்மா அசரவில்லை. அத்தை எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அத்தைக்கு உட்கார முடியாவிட்டால் தானும் கொட்டகையில் உட்காரப் போவதில்லை என்று அறிவித்து, அந்த நாட்களிலும் சமைத்தாள். முதல் மாதம் அந்த மூன்று நாளும் அப்பா சாப்பிட மறுத்தார். அடுத்த மாதம் பசி ஜெயித்தது.

நாலு வருஷம் கழித்து, வைக்கோல் போருக்குப் பின்னால் நான் பயந்து அழுதுகொண்டிருந்தேன். அம்மா கழனியில் இருந்தாள். அத்தைதான் வந்து பார்த்தாள். உள்ளே போய் ஒரு துணியை எடுத்து வந்து, ஓரம் பிசகாமல் நான்காக மடித்துக் காட்டினாள்.

"அழாத. மொதல்ல தெரியாது. அப்புறம் தெரியும்," என்றாள். என் கையைப் பிடித்துக் குளிக்க அழைத்துப் போனாள்.

அவள் பின்னால் நடக்கும்போதுதான் அந்த விழுப்புரம் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவுக்கு அன்று வேண்டியிருந்தது என் கை மட்டும்தான். இரண்டு பூரிக்கும் ஒரு ரிப்பனுக்கும் அதைக் கொடுக்கச் சம்மதித்திருந்தேன் என்பது அதுவரை எனக்குத் தெரியவே இல்லை.