கிள்ளானுக்குப் போன மோட்டார்

நேற்று வீட்டு வாசலில் உட்கார்ந்து, மகளின் மோட்டார் சைக்கிளுக்கு நானே செயினும் ஸ்ப்ரோக்கெட் பல்சக்கரமும் மாற்றினேன். இன்று காலை அதில்தான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வேலைக்குப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது. செயினைப் பூட்டும் சின்னக் கிளிப்பின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும். நான் எப்படிப் போட்டேன்? மாறியிருந்தால் நெடுஞ்சாலையில் கழன்றுவிடலாம். பின்னால் லோரிகள் வரும்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். டீ ஆறிப்போயிற்று.

கடைசியில் அவளே அழைத்தாள். "என்னப்பா, இத்தனை மிஸ்ட் கால்?"

கிளிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"அது சரியாத்தான் இருக்கு. கிளம்பறதுக்கு முன்னால டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன்லா."

"ஏம்மா பார்த்தே?"

"நீங்க போட்டதாச்சேப்பா."

இதற்கு வருத்தப்படக்கூட நேரமில்லை. இப்போது கருவிகளை எடுத்து வைக்கும்போது நேற்று தரையில் விரித்த சாக்குக்கு அடியில் ஒரு வாஷர் கிடைத்தது. பழையதிலிருந்து கழற்றியது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பளபளவென்று இருக்கிறது. படம் கீழே.

அவள் ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்புவாள். இது எங்கே இருக்க வேண்டியது என்று தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள். என்னைத் திட்டுவதை அவள் வீடு வந்து சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.