இரண்டாம் மாடிவரைக்கும்

ஹியூபேட்டை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அர்ச்சிஷ்டவர், அதாவது புனிதர், ஆக்கினோம். அதில் எனக்கும் நல்ல பங்கு உண்டு. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருவது அதனால்தான்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவன் வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்பும் டெலெக்ஸ் அடிப்பான், நான் சுங்கப் பத்திரங்களோடு மல்லுக்கட்டுவேன். 2003ஆம் ஆண்டு அவன் மனைவி புளோறன்ஸுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். காதுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. ஹியூபேட் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டான். அப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

வீடு கொட்டாஞ்சேனையில், தொடர்மாடியில், நாலாம் மாடி. லிஃப்ட் என்று ஒன்று பேருக்கு இருக்கிறது. அதற்குள் யாரோ பழைய சைக்கிள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஹோல், ஒரு அறை. அறைக்குள் காற்று வராது என்று புளோறன்ஸின் கட்டிலை ஹோலில் யன்னலோரம் போட்டிருந்தான். கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூல், அதன்மேல் சின்ன ரேடியோ. அது அவள் இடது கைக்கு எட்டும். கால்மாட்டில் மேசை, மேசையில் கம்பியூட்டர், அதற்குப் பக்கத்தில் வயர் குட்டையான டெலிபோன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஆகவே ஹியூபேட் அவளைத் தனியே விட்டு அரை மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நிற்பதில்லை. ஏழு வருடம் இப்படித்தான்.

மாதத்தின் முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டுவரும் ஃபாதர் அந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பார்த்துவிட்டுப் போய்ப் பிரசங்கத்தில் சொன்னார், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கணவர் என்று. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு கோயில் வாசலில், மீன் கடையில், பார்மசியில் எல்லா இடத்திலும் அதே பேச்சு. ஒருநாள் ஹியூபேட் என்னிடம் வாயைத் திறந்தான்.

"ஒஸ்வால்ட், எனக்குச் சில நேரம் என்ன தோணுது தெரியுமோ..."

நான் விட்டேனா? "நீ பெரிய மனுசன் மச்சான். மோட்சத்தில உனக்கு முன் சீட் ரிசேவ் பண்ணியாச்சு" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றப் போய்விட்டான். அவன் என்ன சொல்ல வந்தான் என்று நான் கேட்கவே இல்லை. அர்ச்சிஷ்டவர்களிடம் யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்?

சொல்ல முடியாததை அவன் வேறு இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபேஸ்புக் வருவதற்கு எவ்வளவோ முன்னால் நியூஸ்குரூப் என்று ஒரு சங்கதி இருந்தது. படம் கிடையாது, வெறும் எழுத்து. ஒருவர் எழுதிப் போட்டால் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வாசித்துப் பதில் போடுவார்கள். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு குரூப், முத்திரை சேர்ப்பவர்களுக்கு ஒரு குரூப். இன்டர்நெட் தரும் கொம்பனி ஒவ்வொன்றும் இதற்கென்று ஒரு மெஷினை வைத்திருக்கும். நாம் நம்முடைய கொம்பனி மெஷினில் எழுதினால் அது மற்றக் கொம்பனிகளின் மெஷின்களுக்குப் பிரதி அனுப்பும். ஹியூபேட் போய்ச் சேர்ந்தது பாரிசவாத நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களின் குரூப்பில். எல்லாம் ஆங்கிலத்தில். டெலெக்ஸ் அடித்த விரல்களுக்கு அது ஒரு பெரிய வேலையில்லை.

ஆனால் அங்கே அவன் ஹியூபேட் இல்லை. மோல்டாவில் இருக்கும் ஜோர்ஜ். கந்தோரில் மோல்டாக்காரர்களோடு டெலெக்ஸில் பழகியதால் அந்த ஊர்ப் பெயர்கள் நாலைந்து தெரியும். மின்னஞ்சல் முகவரியும் பொய். அது சண்டைக் காலம். தொடர்மாடியைச் சுற்றிவளைத்துச் சோதனை போட வந்த ஆமிக்காரர்கள் கம்பியூட்டரைப் பார்த்து, சிங்களத்தில் "மேக மொகத" என்று கேட்டார்கள், இது என்ன என்று. "ஒஃபிஸ் வெட, மஹத்தயா" என்று கந்தோர் வேலையாகக் காட்டித் தப்பினான். கொட்டாஞ்சேனைத் தமிழன் ஒருவன் தினமும் வெளிநாட்டுக்கு என்னவோ எழுதுகிறான் என்று வந்தால் கதை கந்தல். அது ஒரு பயம். கோயில் சனத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது மற்றப் பயம். இரண்டாவதுதான் பெரியது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

மத்தியானத்தில் புளோறன்ஸ் கண்ணை மூடியதும் எழுதுவான். 2004இல் ஒருநாள் எழுதினான்: இன்றைக்குக் கஞ்சி பருக்கும்போது கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டேன், திரும்பி வராத எண்ணத்தோடு. இரண்டாம் மாடி வரைக்கும் போனேன். பிறகு ஏறி வந்து மிச்சக் கஞ்சியைக் கொடுத்தேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. வேல்ஸில் இருக்கும் ரோஸ்மேரி என்பவள், அவளும் கணவனைப் பார்ப்பவள், எழுதியிருந்தாள்: நான் பஸ் தரிப்பு வரைக்கும் போயிருக்கிறேன்.

அன்றைக்கு அவன் அழுதான். யாரும் அவனைத் தேற்றவுமில்லை, புகழவுமில்லை, அதனால்தான் அழுதான். அதன்பிறகு அவர்கள் இருவருக்குள் அது ஒரு கணக்காகிவிட்டது. இன்று எத்தனையாவது மாடி என்று ரோஸ்மேரி கேட்பாள். மூன்று என்றால் பரவாயில்லாத நாள். ஒன்று என்றால் மோசமான நாள். மற்றவர்களின் பதில் வந்துசேர அரை நாள் எடுக்கும். ரோஸ்மேரியின் பதில் மட்டும் உடனே வரும். சுறுசுறுப்பான பெண் என்று ஹியூபேட் நினைத்துக்கொண்டான்.

ஆறு வருடம் இப்படிப் போனது. 2010 தை மாதம் கொம்பனியிடமிருந்து நாலு வரியில் ஓர் அறிவித்தல் வந்தது. நியூஸ்குரூப் சேவையை மாதக் கடைசி நாளோடு நிறுத்துகிறார்கள், வாடிக்கையாளர்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறார்கள். ஹியூபேட் ஹெல்ப் லைனுக்கு எடுத்தான். ஒரு தமிழ்ப் பிள்ளை கதைத்தது.

"சேர், இப்ப அதை ஒருத்தரும் யூஸ் பண்றதில்ல. கொழும்பில எடுத்தாலும் விரல்விட்டு எண்ணிரலாம்."

"நான் யூஸ் பண்றன் பிள்ளை."

"ஃபேஸ்புக்கில போனீங்கண்டா நிறையக் குரூப் இருக்கு சேர். சொந்தப் பேர்ல போட்டோவோட ஜொயின் பண்ணலாம்."

நல்ல யோசனைதான். சொந்தப் பெயரில், போட்டோவோடு, கோயில் சனம் முழுவதும் நண்பர்களாக வந்து நிற்க, இன்று நான் இரண்டாம் மாடி வரைக்கும் போனேன் என்று எழுதலாம்.

வேறு வழி நிச்சயம் இருந்திருக்கும். இந்த வேலை தெரிந்த யாரையாவது கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வேறொரு மெஷினைக் காட்டிக் கொடுத்திருப்பார்கள். கூப்பிட்டால் திரையைக் காட்ட வேண்டும், திரையில் ஆறு வருடம் இருந்தது. என்னிடம்கூடக் கேட்கவில்லை. முன் சீட் ரிசேவ் பண்ணிக் கொடுத்தவனிடம் எப்படிக் கேட்பான்?

அதோடு இன்னொன்றும் நடந்தது. மாத நடுவிலிருந்து குரூப்பில் ஆள் நடமாட்டமே இல்லை. கனடாக்காரர் இல்லை, நியூசிலாந்துக் கிழவி இல்லை. ரோஸ்மேரி மட்டும் ஒன்றிரண்டு தரம் எழுதினாள். எல்லோரும் தன்னைவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஹியூபேட் நினைத்தான். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால் உட்கார்ந்து எழுதினான். நான் ஜோர்ஜ் இல்லை. மோல்டாவை நான் கண்ணாலும் கண்டதில்லை. என் பெயர் ஹியூபேட், கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், என் மனைவியின் பெயர் புளோறன்ஸ். இது என் டெலிபோன் இலக்கம். இது மூடப்பட்டால் எனக்குக் கதைக்க ஒருவரும் இல்லை, யாராவது எடுங்கள்.

அந்த வெள்ளி போன் வரவில்லை. சனியும் வரவில்லை.

ஞாயிறு, மாதக் கடைசி நாள். வழக்கமாக நான் முதல் பூசை பார்த்துவிட்டு வந்து புளோறன்ஸுக்குத் துணையாக இருப்பேன், அவன் இரண்டாம் பூசைக்குப் போவான். அன்றைக்கு அவன் சேட் போட்டுத் தயாராக நின்றான், ஆனால் போகவில்லை. டெலிபோனுக்குப் பக்கத்தில் நிற்பதும் பல்கனிக்குப் போவதுமாக இருந்தான்.

"பூசை தொடங்கியிரும்" என்றேன்.

"போறன், போறன்."

அவன் பல்கனியில் நின்ற நேரம் போன் அடித்தது. நான் எடுத்தேன். ஒரு பெண் குரல், நல்ல தமிழ்.

"ஹியூபேட் நிக்கிறாரோ? ரோஸ்மேரி எண்டு சொல்லுங்கோ."

என் புத்தி எங்கே போகும்? ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, "மச்சான், ரோஸ்மேரியாம். ஆரடா இது?" என்று கண்ணடித்தேன். அவன் பல்கனியிலிருந்து ஓடி வந்தான். ரிசீவரைக் கிட்டத்தட்டப் பறித்தான்.

அவள் சொன்னதை அவன் பிறகு எனக்குச் சொன்னான். அவள் பெயர் அனுஷியா, வீடு வெள்ளவத்தையில். வேல்ஸும் பொய், ரோஸ்மேரியும் பொய். அவனுக்கு இருந்த அதே இரண்டு பயங்கள் அவளுக்கும்.

"கொம்பனிக்கு எடுத்துக் கேட்டனான்" என்றாளாம். "வெளி லைனை ரெண்டு கிழமைக்கு முந்தியே கழட்டிட்டாங்களாம். மெஷின் மட்டும் ஓடுதாம். அதுக்குள்ள எழுதுறது அதுக்குள்ளயே நிக்கும், வெளியில ஒருத்தருக்கும் போகாது. நீங்கள் எழுதினதை இந்தக் கொம்பனி லைன் வச்சிருக்கிற ஆக்கள் மட்டும்தான் பார்க்கலாம். அதுக்குள்ள நீங்களும் நானும்தான் இருக்கிறம்."

அதனால்தான் ஆறு வருடமாக அவள் பதில் மட்டும் உடனே வந்தது. ஒரே மெஷினுக்குள்ளிருந்து எழுதியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அவளும் வீட்டை விட்டு இறங்க முடியாது, அவனும் இறங்க முடியாது.

அன்று எனக்குக் கேட்டதெல்லாம் ஹியூபேட்டின் பக்கம் மட்டும்தான். "ஓம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஓம், ஓம்." ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலையே பார்த்தான். அங்கே புளோறன்ஸ் கண் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில், சத்தம் போடாமல், விரலால் ஆறு வருடம் சொன்னதை இப்போது தமிழில், வாயால், அவள் காது கேட்கச் சொல்ல வேண்டும். போன் வயர் கதவு வரைக்கும்கூட எட்டாது. நான் வேறு குத்துக்கல் மாதிரி நடுவில் நிற்கிறேன்.

அனுஷியா அந்தப் பக்கத்தில் கேட்டிருக்கிறாள், "இண்டைக்கு எத்தினையாம் மாடி?" என்று. அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. போனை வைத்துவிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கை பாதி தூரம் இறங்கிவிட்டது.

அப்போது புளோறன்ஸ் இடது கையை நீட்டினாள். ஸ்டூலில் கிடந்த ரேடியோவைத் தடவிப் பிடித்து, சத்தத்தைக் கூட்டினாள். பால்மா விளம்பரம் ஒன்று ஹோல் முழுவதும் அலறியது. புளோறன்ஸுக்குச் சத்தம் என்றால் ஆகாது. ஆள் வந்தால் ரேடியோவை மூடிவிடுகிறவள். அவள் குமிழை இன்னும் திருகினாள், திருக இடமில்லாத மட்டும் திருகிவிட்டு, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எவ்வளவு காலமாக அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கஞ்சிக் கரண்டியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனவன் திரும்பி வரும்வரைக்கும் இந்தக் கட்டிலில் கிடந்து படிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்தானே. அதை நாங்கள் ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

ஹியூபேட் அவள் பின்தலையைப் பார்த்தபடி ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தான். ரேடியோ இரைச்சலுக்குள், ஒரு முழம் தூரத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"கீழ கேற் வரைக்கும் போனனான்" என்றான். "வியாழக்கிழமை. கேற்றைத் திறந்தும் போட்டன்."

நான் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே ரேடியோ நெடுநேரம் அலறிக்கொண்டிருந்தது.