மாமன் போடாத கையெழுத்து

இராமதாஸ் என்கிற மனிதர் உருப்படக் கூடாது என்று ஒரு ரமலான் மாதம் முழுக்க நான் துவா கேட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு இப்படியெல்லாம் கேட்கலாமா என்று என் அம்மா திட்டினாள். கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டேன். துர்காவைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு அங்கிருந்துதான் தொடங்க வரும். இரண்டு பக்க நியாயத்தையும் நிதானமாகப் பார்த்து எழுத ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

துர்கா என் தோழி. லாஸ்பேட்டையில் எஞ்சினியரிங் படித்த நான்கு வருடமும் என் ஸ்கூட்டரின் பின்சீட்டு அவளுடையது. சேதராப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சிக்னலில் இறங்கி நிற்பாள், நான் ஏற்றிக்கொள்வேன். அப்பா கன்னியப்பன் பகலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மாலையில் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போவார். அம்மா கொளஞ்சி. வீட்டுக்கு ஒரே பெண். அவர்கள் நிலத்து மோட்டாரில் கோடைக்கு ஒருமுறை காயில் எரிந்துவிடும். எரியப் போகிறேன் என்று அந்த மோட்டாரே முன்கூட்டிச் சொன்னால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தவள், அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டே அமெரிக்காவில் மேல்படிப்பு வரைக்கும் போய்விட்டாள். எங்கள் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அந்தத் துணிச்சல் இருந்தது.

இப்போது அந்த ஆள். கொளஞ்சிக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளை இல்லை. துர்கா வயதுக்கு வந்தபோது, கொளஞ்சி பிறந்த தெருவைச் சேர்ந்த இராமதாஸ்தான் தாய்மாமன் முறைக்கு நின்று, தட்டுகளோடு மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட்டார். அன்றிலிருந்து அவர் அந்த வீட்டுக்கு மாமன். பிறகு அமெரிக்கா போய் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி ஆரம்பித்தார். லாஸ்பேட்டையிலும் அதற்கு ஒரு ஆபீஸ் வைத்தார். துர்கா அமெரிக்காவில் படித்து முடித்ததும் அங்கேயே வேலை கொடுத்தவரும் அவர்தான். "ஆபீஸ்லயும் மாமான்னே கூப்புடு பாப்பா" என்றாராம். எங்களுக்கெல்லாம் அப்போது அந்த மனிதர் மேல் அவ்வளவு மரியாதை.

பம்பு செய்கிற ஒரு அமெரிக்கக் கம்பெனி அவருடைய வாடிக்கையாளர். மோட்டார் எடுக்கிற மின்சாரத்தை வைத்தே அது எப்போது படுக்கும் என்று சொல்லும் புரோகிராம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. துர்கா எழுதிக் கொடுத்தாள். சின்ன வயதில் நினைத்தது கையில் வந்துவிட்டது என்று போனில் என்னிடம் கத்திய கத்தலில் என் காது அடைத்தே போனது.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. படித்து முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் வேலை பார்க்கலாம். பிள்ளைகள் அதை ஓபிடி என்பார்கள். கணினி, எஞ்சினியரிங் மாதிரியான படிப்பு என்றால் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துத் தருவார்கள். ஆனால் முதல் வருடம் முடிவதற்குள் அதற்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இன்ன பயிற்சி தருகிறேன் என்று முதலாளி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

துர்காவுக்கு அந்த வருடம் ஆடியின் கடைசியில் முடிந்தது. ஆனியிலேயே மாமாவிடம் கையெழுத்துக் கேட்டாள். இன்றைக்கு, நாளைக்கு என்று ஓட்டினார். ஆடி பிறந்ததும் சேதராப்பட்டுக்கே போன் போட்டுவிட்டார்.

"அக்கா, ஆடி பொறந்துடுச்சி. பாப்பா வாழ்க்க விஷயம். இந்த மாசத்துல போயி கையெழுத்து போட எனக்கு மனசு வல்ல. ஆவணி மொத தேதி நானே போட்டு அனுப்பறேன்."

கொளஞ்சி நெகிழ்ந்து போனாள். பெற்றவளுக்கே தோன்றாதது மாமனுக்குத் தோன்றியிருக்கிறதே! துர்கா பதறிக்கொண்டு அவரிடம் போய், கடைசித் தேதி ஆடியிலேயே வருகிறது என்றாள். அவர் சிரித்தார். "முடிஞ்ச பொறவும் அறுவது நாளு டைம் இருக்கு பாப்பா. எத்தினி புள்ளைங்களுக்கு பாத்திருக்கேன், எனக்கு தெரியாதா?" அந்த அறுபது நாள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதற்கான அவகாசம். பல்கலைக்கழகத்திலிருந்து தெளிவாக எழுதியிருந்தார்கள். அதைக் காட்டியபோதும், அவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க என்று சொல்லிவிட்டார்.

வேறு வழி இல்லாமலா போயிற்று? இருந்தது. அவளுடைய பேராசிரியர் மூலமாக ஒரு பெரிய கம்பெனி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. உடனே கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். போடி, போய்ச் சேர்ந்துகொள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கொளஞ்சி விடவில்லை.

"மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப வேத்தாள்கிட்ட போயி நிப்பியா? சீர் கொண்டாந்த மனுஷன் மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்?"

துர்காவும் மாமாவைத்தான் நம்பினாள். "மாமா அப்படி செய்ய மாட்டாருடி, அஸ்ஃபியா."

தேதி போய்விட்டது. ஆவணி முதல் தேதி சொன்னபடியே கையெழுத்தை அனுப்பினார், மகராசன். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று பல்கலைக்கழகத்தில் கைவிரித்துவிட்டார்கள். அவள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஏன் வந்துட்ட, ஏதாவது பிரச்சனையா, துரத்திட்டாங்களா என்று ஊரே விசாரித்தது. கன்னியப்பன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நிற்காமல் பேசுகிற பெண் மாடியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

மாமன் மறுபடியும் போன் செய்தார். ஐயோ, நம்ம கெட்ட நேரம் பாரு, லாஸ்பேட்டை ஆபீஸ்ல சேந்துடு பாப்பா என்றார். அதே பம்பு கம்பெனி வேலைதான், உள்ளூர்ச் சம்பளத்துக்கு. துர்கா சேர்ந்தாள். கொளஞ்சி கையெடுத்துக் கும்பிட்டு, மாமன் கைவிடல பாரு என்றாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அந்த ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்க்கும் ஹேமலதா, வெகுளியாக, ஒரு பேச்சுக்குச் சொன்னாள். "உன் மேசைய ஆனி மாசமே வாங்கிப் போட்டாச்சி, தெரியுமா? துர்கா வரும், அதுக்கு ஜன்னலாண்ட எடம் போட்டு வையின்னு சாரு அப்பவே சொல்லிட்டாரு. நீ என்னடான்னா இத்தினி நாளு கழிச்சி வர."

துர்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததில், அமெரிக்க ஆபீஸ் தாள்களையும் பார்க்கிற ஹேமலதா வாயிலிருந்து இன்னொன்றும் வந்தது. இராமதாஸுடைய மச்சான் மகன் விஜய் அதே அமெரிக்க ஆபீஸில் இருந்தான். அவனுக்கும் முதல் வருடம் அதே ஆடியில்தான் முடிந்தது. அவனுக்கு மட்டும் ஆடிப்பெருக்கு அன்றைக்கே, நல்ல நாள் என்று சொல்லி, மாமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான்.

அன்று சாயங்காலம் என்னை நோணாங்குப்பம் படகுத்துறைக்கு வரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான் கொதித்துப் போனேன். நாளைக்கே அந்த ஆபீஸில் போய் அந்த மேசையை எட்டி உதைத்துவிட்டு வா என்றேன்.

"போமாட்டேன்" என்றாள். "ஒதச்சிட்டு வந்தா அந்தாளுக்கு என்ன நஷ்டம்? வேற ஒரு புள்ளைய இதே மாதிரி இட்டாந்து ஒக்கார வெப்பாரு. அவரு எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கணும்டி. நான் கேட்டு நின்ன மாதிரி கேட்டு நிக்கணும்."

"உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"அம்மாகிட்ட மூச்சு வுடாத. தன்னாலதான் கெட்டுச்சின்னு நெனச்சி செத்தே போவும்."

அதன்பிறகு அவள் வேலை பார்த்ததைச் சொல்ல வேண்டும். வஞ்சம் வைத்துக்கொண்டு ஒருத்தி அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்து நான் கண்டதில்லை. பம்பு கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஒரு வயதான அம்மாள். முதலில் இராமதாஸிடம் கேட்டுவிட்டு துர்காவிடம் கேட்பார். பிறகு துர்காவிடம் மட்டும் கேட்க ஆரம்பித்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம் வந்தபோது அந்த அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். துர்காதான் இந்த வேலைக்குப் பொறுப்பு என்று துர்காவே கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் வேண்டாம். எந்தத் தேதிக்குள் முடிக்கலாம் என்று வீடியோ கூட்டத்தில் கேட்டார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று துர்கா சொன்னாள். அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இராமதாஸ் தலையாட்டினார். அது என்ன மாதம் என்று அந்த ஆளுக்கு உறைக்கவே இல்லை.

அவள் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு மாமா, பாக்கறேன் மாமா என்று அவர் வாய் வார்த்தையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய கம்பெனிக்கு இருந்த பெரிய வேலை அது ஒன்றுதான். பயந்துபோய் விமானம் ஏறி வந்துவிட்டார்.

ஆடி வெள்ளி. சேதராப்பட்டில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். கூழும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட வாம்மா என்று கொளஞ்சி கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. இராமதாஸ் இறங்கினார். கையில் தட்டு, தட்டில் பழம், பூ, பட்டுப்புடவை. மாமன் சீர் கொண்டுவந்த அதே தோரணை. கன்னியப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அம்மா ஒரு வார்த்தை சொன்னால் துர்கா போட்டுவிடுவாள். அந்த ஆளுக்கும் அது தெரியும். அதனால்தான் ஆபீஸுக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்திருந்தார்.

"அக்கா, பாப்பா ஒரே ஒரு கையெழுத்து போட்டா போதும். எம்பொழப்பே அதுலதான் இருக்கு. நீ சொல்லு, கேக்கும்."

கொளஞ்சி பதறினாள். "ஏண்டி, மாமன் இவ்ளோ தூரம் வந்திருக்குது, போட்டா என்ன?" பிறகு அவளுக்கே நினைவு வந்தது. "ஆனா ஆடியாச்சே தம்பி. ஒரு வாரம் பொறுத்தா ஆவணி வந்துடும்."

"அட, அதெல்லாம் சும்மாக்கா. அவசரத்துக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? எம்மச்சான் மவன் விஜய்க்கு நான் ஆடிலதான் போட்டுக் குடுத்தேன். அமோகமா இருக்கான்."

சொன்ன பிறகுதான் அந்த மனிதருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

கொளஞ்சி கூழ்க் கரண்டியோடு நின்றாள். "எந்த ஆடி தம்பி?"

அவள் மகளைப் பார்த்தாள்.

"அதே ஆடிதாம்மா" என்றாள் துர்கா. "எனக்கு இங்க மேசை வாங்கிப் போட்டுட்டு, அங்க ஆடின்னு சொன்னாரு."

கொளஞ்சி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன். அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இத எடுத்துகினு போ தம்பி. பாப்பா வாழ்க்க விஷயம். இந்த மாசத்துல கையெழுத்து போட எனக்கு மனசு வல்ல."

"அக்கா, தேதி போயிடும்க்கா!"

"போவட்டும். எங்குளுதும் போச்சி."

அவர் கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் எழுந்து போய் வாசல் கேட்டைத் திறந்துவிட்டார்.

பத்தாம் தேதி போனது. ஒப்பந்தமும் போனது. லாஸ்பேட்டை ஆபீஸை மூடினார்கள். பம்பு கம்பெனி துர்காவையே நேரடியாக வைத்துக்கொண்டது; அந்த ஆபீஸிலிருந்து இரண்டு பேரை அவள் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். ஹேமலதாவுக்கு மட்டும் இடம் இல்லை. அவள் எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அது துர்காவுக்கு வலிக்கிறது, எனக்கும் வலிக்கிறது. அதற்காக நடந்தது நடக்காமல் இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் அவள் இருந்திருக்க வேண்டிய வருடங்களை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

ஆவணி முதல் தேதி காலையில் கொளஞ்சி குளித்து, சாமி கும்பிட்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, மகளின் போனை வாங்கி இராமதாஸின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாள். துர்கா வேண்டாம் என்றாள். பக்கத்தில் இருந்த நான் போட்டுக் கொடுத்தேன். மணி அடித்து, அந்தப் பக்கம் எடுத்தார்.

"தம்பி, அக்கா பேசறேன். ஆவணி பொறந்துடுச்சி. பாப்பா பேனாவும் கையுமா ஒக்காந்துகினு இருக்கு. எங்க போடணும், சொல்லு."